வேலி போன பின்னும் கதவு

வேலியை யானை சாய்த்து நாலு வருஷம்.
கம்பி கொஞ்சம் ஊருக்குள் அவரைப்பந்தல் ஆனது,
அதை எழுத்தில் தரமாட்டேன்.
கதவு மட்டும் நிற்கிறது
இரண்டு இரும்புத் தூணுக்கு நடுவே
பூட்டோடு.
சாவி என் இடுப்பில்.

பதிவேட்டில் என் பெயர் சின்னக்காமாயி, தற்காலிகம்.
தாண்டிக்குடிக்குக் கீழே, காப்பித் தோட்டத்து மேட்டில்
பதினேழு பலகைக்கல்.
ஊரில் குள்ளர் வீடு என்பார்கள்.
நீலப் பலகையில் ஈமச்சின்னம்.
சுற்றி நூறு மீட்டருக்குள்
ஒரு செங்கல் வைக்கக் கூடாது.
என் வீடு தொண்ணூற்றாறில்.
அடுப்படிக் கூரை சாய்ந்ததற்கு மனுக் கொடுத்து
இரண்டு மழை போயிற்று.
செத்தவர்களுக்கு இருக்கிற கூரை எனக்கு இல்லையே
என்றேன், அளக்க வந்த பையனிடம்.
டேப்பைச் சுருட்டிக்கொண்டே சிரித்தான்.

கார்த்திகை மூடுபனியில் ஜீப்பில் ஒரு அம்மா வந்தாள்.
பின்லாந்து என்றார் ஓட்டிவந்த அருள்சகாயம்.
வத்தலக்குண்டு ஏறி வருகிற அத்தனை பேரும்
கதவைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள்,
ஏன் நிற்கிறது என்றுகூடக் கேட்காமல்.
இவள் கதவுக்கு முன்னால் நின்றாள்.
இடப்பக்கம் வெறும் புல்.
வலப்பக்கமும்.
காத்திருந்தாள்.

பட்டர்புரூட் மரத்தடியிலிருந்து ஓடினேன்,
பூட்டுக்கு எண்ணெய் விடாத வெட்கத்தோடு.
மூன்றாம் திருகலில் திறந்தது.
வாங்க என்றேன்,
வீட்டுக்காரி மாதிரி.

பக்கக் கல்லில் ஒரு துளை உண்டு, தலை நுழையும் அளவு.
எல்லோரும் நுழைத்துப் படம் எடுப்பார்கள்.
அவள் எட்ட உட்கார்ந்து பார்த்தாள்.
அவள் ஊர்ப் பக்கமும் கல்தானாம்.
முப்பதுக்கு மேல் குவியல்,
பாசி ஏறிய பாறையில், பைன் மரங்களுக்கு நடுவே.
உலகமே காக்கவேண்டியது என்று எழுதிவைத்த இடம்.
வாட்ச்மேன்?
இல்லை.
பூட்டு?
இல்லை.
பிறகு எப்படி என்று கேட்கச் சொன்னேன்.
அருள்சகாயம் இரண்டு தரம் கேட்டார்.
அவளுக்குக் கேள்வி புரியவில்லை.

அந்தக் கல்லை அடுக்கிய காலத்தில்
கீழே கடல் இருந்ததாம்.
படகில் வருகிறவன் கண்ணில் படட்டும் என்று
மேட்டில் அடுக்கினார்களோ என்னவோ.
அப்புறம் தரை எழும்பியது.
பனிப்பாரம் இறங்கிய நிலம்
விறகுக்கட்டை இறக்கிவைத்த முதுகு போல
இன்னும் நிமிர்ந்துகொண்டே இருக்கிறதாம்,
வருஷத்துக்கு ஒரு நெல்மணி.
கடல் விலகி விலகி
இப்போது பஸ் பிடித்துப் போகிற தூரம்.
அது எந்த ஆபீசில்
தடையில்லாச் சான்று வாங்கியது?

சிரிக்கத்தான் சொன்னேன். அருள்சகாயம் சிரித்தார்.
எனக்குத்தான் அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.
எங்கள் துளை கிழக்கே பார்க்கிறது.
கிழக்கே சில்வர் ஓக், அதில் மிளகுக்கொடி,
அதற்கப்பால் பனி.
இவர்களை விட்டு விலகிப்போனது எது?
பதினோரு வருஷக் காவலில்
ஒருநாளும் கேட்டதில்லை.

புறப்படும்போது கோட்டுப் பையிலிருந்து
ஒரு கூழாங்கல் எடுத்தாள்.
கடல் இன்றைக்கு நிற்கிற இடத்தில் பொறுக்கியதாம்.
வைக்கலாமா என்று கண்ணால் கேட்டாள்.
பலகையை முதல்முறையாக முழுசாகப் படித்தேன்.
கிறுக்கக் கூடாது, பெயர்க்கக் கூடாது,
தீ மூட்டக் கூடாது, எடுக்கக் கூடாது.
வைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

இருந்தும் கூடாது என்றேன்.
அது மட்டும்
அருள்சகாயம் வாய் திறக்கும் முன்பே அவளுக்குப் புரிந்தது.
கல்லை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.
பதிவேட்டில் கிர்சி என்று எழுதினாள்.
நான் பூட்டும்வரை நின்றாள்.

மாதக் கடைசியில் எழுதி அனுப்பினேன்:
கற்கள் பதினேழு.
கூழாங்கல் அடுப்படியில் இருக்கிறது, தீப்பெட்டிக்குப் பக்கத்தில்.
தொண்ணூற்றாறு மீட்டர். எல்லைக்கு உள்ளேதான்.

நேற்று ராத்திரி காட்டுமாடு ஒன்று
கதவில் கழுத்தைத் தேய்த்தது.
பூட்டு ரொம்ப நேரம் ஆடியது.
விடிந்ததும் போய்
தேங்காயெண்ணெய் விட்டேன்.