எதிர்ச் சுவர்

பெருஃபியோர்துவின் வடகரையில்
கருங்கல் சுவரொன்று மலையிலிருந்து இறங்கி
ஹல்பெராவின் ஆட்டுப்பட்டியைத் தாண்டிக்
கடலுக்குள் போகிறது.
யாரும் கட்டியதில்லை.
விரிசலில் புகுந்த தீக்குழம்பு ஆறி நின்றது.
சுற்றியிருந்த மலை தேய்ந்தது,
சுவர் மிஞ்சியது.

"இந்த நெருப்பு எங்கிருந்து வந்தது?
அடியிலிருந்தா, பக்கத்திலிருந்தா?"
ரப்பர் பூட்ஸோடு கேட்டாள்,
காலிடுக்கில் ஓர் ஆட்டுக்குட்டியைப் பிடித்தபடி.
அளந்து சொல்கிறேன் என்றேன்.
அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்கக் கூடாது.

இரண்டு விரல் தடிமனில் உருளைகள் துளைத்தெடுத்தோம்.
ஒவ்வொன்றின் தலையிலும் ஓர் அம்புக்குறி வேண்டும்.
இந்தப் பாறையருகே திசைகாட்டியின் முள்
குடித்தவன் வழி சொல்வதுபோலத் திரும்பும்.
சூரியன் தரும் நிழலைத்தான் நம்பலாம்.
பனிமூட்டத்தில் நான்கு மணி நேரம்
ஒரு நிழலுக்காகக் காத்திருந்தோம்.
பிளாஸ்கிலிருந்த காபியைத் தோர்கில்ஸே முடித்தான்.
சூரியன் வந்தது, பதினொரு நிமிடம்.
ஒன்பது கற்களுக்கு மட்டும் திசை கிடைத்தது.

ரெய்க்யவிக்.
பெல்ட்டைக் கழற்றி, சாவியை வெளியே வைத்து
உள்ளே போக வேண்டிய அறை.
கம்பிச் சுருளுக்குள் கல் சுழல்கிறது.
மெல்லிய புலமொன்றால் அதனிடம் கேட்கிறேன்:
எந்தப் பக்கம் உனக்கு இசைவு?
பதில் ஒரு முட்டை வடிவில் வரும்.
அதன் நீண்ட அச்சு
குழம்பு ஓடிய வழி என்பது பாடம்.

ஒன்பது அச்சுகளும்
சுவருக்குக் குறுக்கே நின்றன.
நெருப்பு சுவரைத் துளைத்துக்கொண்டு
பட்டிக்குள் போனதாம்.
"அம்புக்குறியை மாற்றிப் போட்டிருக்கிறாய்" என்றான் தோர்கில்ஸ்.
இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
மூன்றாம் நாள் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையெடுத்து
"ரொம்பச் சின்ன மணிகள்" என்றான்,
மன்னிப்புக் கேட்கும் குரலில்.

அத்தனை சிறிய காந்த மணி
தன் நீளவாக்கில் முன்பே நிறைந்துவிட்டது.
அந்தப் பக்கம் எவ்வளவு கேட்டாலும்
கூட்டிக் கொடுக்க அதனிடம் ஏதுமில்லை.
குறுக்கே கேட்டால்தான்
கொஞ்சம் சாய்ந்து கொடுக்கும்.
நெடுக்கு குறுக்காகிறது, குறுக்கு நெடுக்காகிறது.
கல் பொய் சொல்லவில்லை.
நான் இருக்கும்போது எப்படி இசைவாய்
என்றுதானே கேட்டேன்.
நான் போன பிறகு எதை வைத்திருப்பாய்
என்று கேட்கவில்லை.

அதற்கு வேறு முறை.
அலைந்தலைந்து அடங்கும் புலத்தால்
கல்லைக் கழுவு, பழையதெல்லாம் போகட்டும்.
ஒரு திசையில் சிறிது காந்தம் ஏற்று.
புலத்தை நிறுத்து.
தங்கியதை அள.
கழுவு.
கல்லைத் திருப்பு, மறுபடி ஏற்று.
கல்லொன்றுக்கு ஒன்பது திசை,
அதுவும் கட்டடத்தின் லிஃப்ட் உறங்கிய பிறகு.
என் மகள் அந்த வாரம் என்னைக்
காலையுணவில் மட்டும் பார்த்தாள்.

வெள்ளி விடிகாலையில்
ஒன்பது அச்சுகளும் திரும்பிப் படுத்தன,
சுவரோடு சுவராக,
ஏறக்குறையக் கிடைமட்டமாய்.
அடியிலிருந்து ஏறவில்லை.
பக்கவாட்டில் ஓடி வந்திருக்கிறது.

ஹல்பெராவை அழைத்துச் சொன்னேன்.
பின்னால் ஒரு நாய் குரைத்தது.
"சரி. மலையிலிருந்து கடலுக்கா,
கடலிலிருந்து மலைக்கா?"

அச்சுக்குத் தலையுமில்லை வாலுமில்லை.
ஓட்டத்தில் மணிகள்
இந்த ஓரத்தில் ஒரு பக்கம் சாயும்,
அந்த ஓரத்தில் எதிர்ப்பக்கம்.
இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான்
அம்பின் முனை தெரியும்.
நாங்கள் துளைத்தது ஓர் ஓரம்.

"அந்தப் பக்கம் முழுக்க ஈடர் வாத்துகள்
அடைகாக்கின்றன" என்றாள்.
"அவை எழுந்து போன பிறகு வா.
காபி நிறையக் கொண்டு வா."

எச்சக் காந்தம் என்று தலைப்பிட்டு
குறிப்பேட்டில் எழுதினேன்:
பாய்ந்து

வினையெச்சம்.
முற்று எதிர்ச் சுவரில் இருக்கிறது,
பாசிக்கு அடியில்,
முட்டைகளுக்குப் பக்கத்தில்.