ஹர்த்தால் அன்று லில்லி கத்தினாள்

பாலுக்கு விலக்கு உண்டு,
பத்திரிகைக்கு, ஆஸ்பத்திரிக்கு, கல்யாண வண்டிக்கு.
முந்தின ராத்திரி டிவியில் வாசித்த பட்டியலில்
பாலுக்கு முந்தைய காரியம் எதுவும் இல்லை.

விடிய நாலு மணிக்கு ஆரம்பித்தாள்.
பசிக்குக் கத்துவது வேறு,
கன்றுக்குக் கத்துவது வேறு.
இது அடிவயிற்றிலிருந்து நீளமாய்
ஒழலப்பதி முழுக்கக் கேட்கும்படி.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
வாலடியில் கண்ணாடிக் கயிறாய் வழும்பு,
அறுபடாமல் தரையைத் தொட்டது.

மூன்றாம் தடவை இது.
தையில் போட்ட ஊசி நிற்கவில்லை,
மாசியில் போட்டதும் நிற்கவில்லை.
"இதுலயும் நிக்கலைன்னா வேலந்தாவளம் சந்தைதான்"
என்று மாட்டின் முகம் பாராமல் சொல்லிவிட்டு
இன்னாசி தென்னை ஏறப் போனார்.
கள்ளுக்கும் ஹர்த்தால் தெரியாது,
ஒருநாள் சீவாவிட்டால் பாளை கெட்டுப்போகும்.

சுலேகா மேடத்துக்குப் போன் போட்டேன்.
சிற்றூரிலிருந்து பஸ் இல்லை,
ஸ்கூட்டரில் வந்தால் கல் விழும்.
"நாளெ ராவிலெ நோக்காம்" என்றார்.
காலையில் கத்தினால் சாயங்காலம் போட வேண்டும்,
நாளைக்குள் அவள் அடங்கிவிடுவாள்,
அப்புறம் இன்னும் மூன்று வாரத் தீவனம்
என்றெல்லாம் சொல்ல
எனக்கு மலையாளம் போதவில்லை.

செக்போஸ்டுக்கு அந்தப் பக்கம்
டீக்கடை திறந்திருந்தது, பஸ் ஓடியது.
அங்கே அது வெறும் செவ்வாய்க்கிழமை.
புண்ணாக்குக் கடைக்காரர் கொடுத்த நம்பரில்
நாகமாணிக்கம் என்று ஒருவர் கிடைத்தார்.
நாலு மணிக்கு வந்தார்,
ரோட்டில் அல்ல, சோளக்காட்டு வரப்பில்,
பைக்கைத் தமிழ்நாட்டில் நிறுத்திவிட்டு
நைட்ரஜன் கேனைக் கைப்பிள்ளை மாதிரி இடுக்கிக்கொண்டு.

மூடி திறந்ததும் புகை வழிந்தது.
குறடால் எடுத்தது ஈர்க்குச்சி கனத்தில் ஒரு குழாய்,
அதன்மேல் பொடி எழுத்தில் ஓர் எண்.
"இந்தக் காளை செத்து ஆறு வருசம் ஆச்சுங்க" என்றார்,
வெளியூர் போயிருக்கிறது என்பதுபோல.
கெடாரி மட்டுமே தரும் குழாயும் உண்டாம்,
விலையைக் கேட்டதும்
அவ்வளவுக்கு ஆசைப்படவில்லை நான்.
வெந்நீரில் விரலை விட்டுப் பார்த்து
"சூடு ஜாஸ்தி, பச்சத்தண்ணி ஊத்துங்க" என்றார்.
முப்பது வரை எண்ணினோம்,
இரண்டு பேரும், வாய்விட்டு.

பிறகு தோள்வரை உறை.
கண்ணை மூடிக்கொண்டார்,
உள்ளே போன கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.
நான் லில்லியின் நெற்றியைச் சொறிந்தேன்.
முதுகை ஒருதரம் வளைத்தாள்,
அவர் சட்டைமேல் சாணி போட்டாள்.
அவ்வளவுதான் கல்யாணம்.

நோட்டில் எழுதப் பார்த்தார்.
காதில் தொங்கிய மஞ்சள் தோட்டைத் திருப்பிப் படித்தவர்
பேனாவை மூடிவிட்டார்.
"இது உங்க ஸ்டேட் மாடு. என் புக்குல ஏறாது."
மேடத்தின் புக்கிலும் ஏறாது.
பிறக்கிற கன்றுக்குத் தகப்பன் கட்டத்தில்
என்ன எழுதுவார்கள் என்று கேட்டேன்.
"மொதல்ல நிக்கட்டுங்க."

சொசைட்டி காலண்டரில்
இருபத்தொன்றாம் நாளைச் சுற்றி வட்டம் போட்டேன்.
அதற்கு முந்தின ராத்திரி
கொட்டகை வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.
"என்னத்தைக் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கே?"
என்றார் இன்னாசி.
கத்தல் இல்லாததை என்று எப்படிச் சொல்வது.

அசை போடும் சத்தம்.
செக்போஸ்டில் ஒரு லாரி கியர் மாற்றுகிறது.
கொசு.
மறுபடி அசை.
மணி நாலு.

நாலேகால்.