லேசான

மறுநாள் பேப்பரில் மூன்றே வரி.
'போலீசார் லேசான தடியடி நடத்திக் கலைத்தனர்.'
நான் அப்போது இயற்பியல் இரண்டாம் ஆண்டு.
நிறை வேறு எடை வேறு என்று
பிரித்துப் படித்துக்கொண்டிருந்தோம்.
லேசான என்பது எத்தனை கிராம்,
யாரிடம் கேட்பது?

முறிந்த தடியின் நுனி ஒன்று
ஆய்வகப் படிக்கட்டில் கிடந்தது.
தாவணியில் சுருட்டி எடுத்துப்போய்
கண்ணாடிப் பெட்டித் தராசில் வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு கிராம்,
நானூறு மில்லி.
மீதி, வெள்ளையன் காதோடு போயிருந்தது.

வெள்ளையன் மாரமங்கலத்துக்காரன்.
பஸ் கட்டணம் ஏறிய வாரத்திலிருந்து
குறுக்குப் பாதையில் மலையிறங்கி நடந்தே வந்து
முதல் மணிக்கு முன் குழாயடியில்
கால் கழுவிக்கொண்டிருப்பான்.
கோஷம் போடத் தெரியாது அவனுக்கு.
எல்லோரும் 'ஒழிக' சொல்லி முடித்தபின்
தனியாக ஒருமுறை 'ஒழிக' என்பான்.
சிரிப்போம்.

அன்று முன் கேட் வழியாக அவர்கள் வந்தார்கள்.
பின் கேட் வழியாக நாங்கள் போயிருக்கலாம்.
பூட்டியிருந்தது.
அவ்வளவுதான் விஷயம்.
பிறகு வந்த விசாரணை, அறிக்கை, கண்டனக் கூட்டம்,
வருஷா வருஷம் ஒட்டிய கறுப்பு போஸ்டர்
எதிலும் அந்தப் பூட்டு இல்லை.

போன மாதம் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில்
மிளகு மூட்டையோடு நின்றிருந்தான்.
பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்.
நான் இல்லாத பக்கம் திரும்பி
என்னைத் தேடினான்.

இப்போது நான் பொறுப்பு முதல்வர்.
உதவித்தொகை ஏழு மாதமாக வரவில்லை.
விடுதியில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்.
தூங்குமூஞ்சி மரத்தடியில் மூன்றாவது நாளாக உட்கார்ந்திருக்கிறார்கள்.
ஒருத்தி முழங்கையில் தன் ரத்த வகையை எழுதிக்கொள்கிறாள்;
யார் சொல்லிக்கொடுத்ததோ.
அதே பேனாவை வாங்கிப் பக்கத்தில் இருப்பவள்
ரெக்கார்டு நோட்டில் படம் வரைகிறாள்.
திங்கட்கிழமை கடைசித் தேதி. எனக்குத்தான் தர வேண்டும்.

இன்ஸ்பெக்டருக்கு முப்பது வயது இருக்கும்.
'நானும் நம்ம காலேஜ்தான் மேடம், கணக்கு டிபார்ட்மெண்ட்.'
தட்டுவடை செட் வாங்கி வந்திருந்தார்.
பொட்டலத்தின் அடியில்
பீட்ரூட் சிவப்பு கசிந்து
மேஜைமேல் இருந்த காகிதத்தின் ஓரத்தைத் தொட்டது.
'ஒரு கையெழுத்து மட்டும். உள்ளே வர உங்க சம்மதம்.
தேவைப்பட்டாத்தான். லேசாத்தான்.'

எனக்கே இரண்டு வருஷத்தில் ரிட்டயர்மெண்ட்.
அந்தச் சொல் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

பேனா எழுதவில்லை என்று சொல்லி எழுந்து வந்தேன்.
பொய். நன்றாக எழுதும் பேனா.

சேர்வராயன் மலையை விட்டிறங்கிய மேகம்
கன்னங்குறிச்சி விளக்குகளை
ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது.
வாட்ச்மேன் அர்த்தனாரியிடம் பின் கேட் சாவி கேட்டேன்.
'அது நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே தொலைஞ்சு போச்சுங்க.'
ஆய்வகத்திலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லைத்
தூக்க மாட்டாமல் தூக்கி வந்தேன்.
அவர் பூட்டுக்குள் மண்ணெண்ணெய் விட்டார்.
அடித்தேன்.

முதல் அடிக்கே
மரத்தடியில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.
ஆரம்பித்துவிட்டது என்று
ஒருத்தி செருப்பை விட்டுவிட்டு ஓடினாள்.
என் சத்தம்தான் அது. என் கைதான்.
'ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை' என்று கத்தினேன்.
இதையேதான் அன்றைக்கு ஒரு பேராசிரியர்
மாடியிலிருந்து கத்தினார்.
நாங்கள் நம்பினோம்.
இவர்கள் நம்பவில்லை.
நல்லது.

ஒரு பையன் மட்டும் செல்போன் வெளிச்சத்தோடு கிட்டே வந்தான்.
பூட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
எடைக்கல்லை வாங்கிக்கொண்டான்.
'பூட்டை விடுங்க மேடம். கீலை அடிக்கணும்.
துரு அங்கதான் பிடிச்சிருக்கு.'

இரண்டு கீல்.
மேலே இருந்தது விட்டுக்கொடுத்துவிட்டது.
கீழே இருப்பது அசைகிறது, வரவில்லை.
அறையில் டீ ஆறிக்கொண்டிருக்கும்.
அவர் இதற்குள்
வேறு பேனா வாங்கிவர ஆள் அனுப்பியிருப்பார்.