ஊதா

மணலி யார்டில் இரவெல்லாம்
கண்டெய்னர் எண் எழுதுவது என் வேலை.
நான்கு எழுத்து, ஏழு இலக்கம்.
ஒன்று தப்பினால்
யாருடைய மிளகாயோ யாருடைய ஊருக்கோ போய்விடும்.

பகலில் தூங்கி, ஐந்து மணிக்கு
காய்ந்த துணி எடுக்க மாடிக்குப் போவேன்.
ஐந்து நிமிட வேலை.
ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்வேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எதிர் மாடி என்பது
ஒரு பூனை தாண்டும் தூரம்.
அங்கே பச்சைப் பெயிண்ட் அடித்த புறாக்கூண்டு,
பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்து உட்கார்ந்த நாலு பேர்.
டில்லிபாபு கம்பு இறைப்பார்.
கஃபூர் பாய் எவரிடம் பேசினாலும் வானத்தைப் பார்த்தே பேசுவார்.
எது தோற்றாலும் எபிநேசருக்குக் காற்றுதான் காரணம்.
நாலாவது பையனுக்குப் பெயர் டேய்.

விரிப்புக்குப் பின்னால் நின்று
கிளிப்பைக் கழற்றுவேன், திரும்ப மாட்டுவேன்.
அப்படித்தான் தெரிந்துகொண்டேன்:
பந்தயப் புறாவின் மூக்கில்
சுண்ணாம்பு அப்பியதுபோல் ஒரு மேடு இருக்கும்,
முட்டையை விட்டுப் போன பெட்டை
வேகமாக வீடு திரும்பும்,
நெல்லூரில் கூடையைத் திறந்தால்
இட்லிக்கு மாவு பொங்குவதற்குள்
எண்ணூர்ப் புகைபோக்கியைத் தாண்டிவிடும்.

கேஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில்
வளைய எண்ணும் வந்த நேரமும் எழுதினேன்.
என்னை யாரும் எழுதச் சொல்லவில்லை.
ஒருநாள் எபிநேசர் 388ஐ 386 என்றார்.
திருத்தம் என் நாக்கு நுனிவரை வந்தது.
கையிலிருந்த கிளிப்தான் சந்தில் விழுந்தது.

ஒரு புறா மட்டும் கண்ணில் படவே இல்லை.
"ஊதா வந்துட்சா?" என்பார் யாராவது.
"அப்பவே வந்துட்சு."
சிரிப்பார்கள். நான் வானமெல்லாம் தேடுவேன்.
கழுத்து மினுங்குவதால் வைத்த பெயராக இருக்கும்.
எழுதி வைத்தேன்: ஊதா, எண் தெரியாது, பார்க்கவில்லை.

ஏழு மாதம்.

பங்குனியில் பல்லார்ஷா பந்தயம்.
பத்தில் ஒன்பது வந்தன.
நாலு ஒன்று ஏழு வரவில்லை.
"வைரி அடிச்சிருக்கும்" என்றார் கஃபூர் பாய், வானத்திடம்.
மூன்று நாள் கம்பு டப்பா சத்தமே இல்லை.

நாலாம் நாள்
எங்கள் வீட்டு சின்டெக்ஸ் மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது,
வால் பாதி, கண்ணில் மண்.
"மாடப்புறாண்ணா, கூட்டத்தைக் கெடுக்கும்"
என்று பையன் கல்லை எடுத்தான்.

"அடிக்காத! நாலு ஒன்னு ஏழு அது!"

கிரேன் சத்தத்தில் வருடக்கணக்காகக்
கையாலேயே பேசிவிட்டேன்.
என் குரல் இவ்வளவு கீச்சென்று இருக்கும்
என்று எனக்கே தெரியாது.
மூன்றாவது வீட்டு மிக்ஸி மட்டும் ஓடியது.

டில்லிபாபு டப்பாவைக் குலுக்கினார்.
அது யோசித்தது. என்னைப் பார்த்தது,
அல்லது எனக்குப் பின்னாலிருந்த எதையோ.
பிறகு பூனை தூரத்தைத் தாண்டிக்
கூண்டுக்குள் நடந்து போனது,
வேலை முடிந்து வருகிறவள் போல.

"மணி இன்னா?"
"அஞ்சு அம்பத்திரண்டு" என்றேன், அவர்கள் பார்ப்பதற்குள்.

"அண்ணா, ஊதா பேசுதுணா!"

நான் அப்போதும் முதலில் வானத்தைத்தான் பார்த்தேன்.
பையன் விரல் கீழே காட்டியது.
விரிப்பு முழங்கால் வரைதான் தொங்கியது.
அதற்குக் கீழே,
சிமெண்டுத் தரையில், ஏழு மாதமாக,
என் ஊதா ஹவாய் செருப்பு.

"வாம்மா, ஒரு டப்பா காலியாத்தான் கீது,"
கஃபூர் பாய் சொன்னார், என்னைப் பார்த்து.

417, 5.52 என்று எழுதினேன்.
ஊதாவுக்கு நேரே இருந்ததை அடித்துவிட்டு
அதே நேரத்தைப் போட்டேன்.
அந்த வீட்டு மாடிப்படியின் அடியில்
செருப்பைக் கழற்றலாமா என்று நின்றேன் கொஞ்சம்.
போட்டுக்கொண்டே ஏறினேன்.