ஒன்பதாவது ஆணி

பதினோரு வருஷம்
அவன் முதுகுக்கு அந்தப் பக்கம்தான் எனக்கு ரோடு.
வலங்கைமான் வளைவில் எந்தத் தோள் இறங்கும்,
வேகத்தடைக்கு முன்னால் எப்போது மூச்சை இழுப்பான்,
சட்டையில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது,
இதெல்லாம் தெரியும்.
மைல்கல் தெரியாது.

சித்திரையில் எனக்கென்று ஒரு வண்டி வந்தது.
பழசு. கூத்தாநல்லூர் நிஜாம்
மச்சானிடம் பேசி முடித்துக் கொடுத்தான்.
டேங்கில் ஒரு சொட்டை,
என் முழங்காலுக்கு அளவெடுத்தது போல.

மூணாறு தலைப்புக்குக் கீழே
கோரையாற்றில் இறங்கினோம்.
ஷட்டர் எல்லாம் மூடி, மணல் வெந்துகொண்டிருந்தது.
தீக்குச்சியால் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டு
அறவாழி முன்னால், நான் பின்னால்,
நிஜாமும் ஜெயசீலியும் ஜீப்பில்,
பக்கிரி தன் ஸ்பிளெண்டரில்.
அதிலா மணலுக்கு வருகிறாய் என்று சிரித்தோம்.
கடைசிவரை விழாதவன் அவன் ஒருத்தன்தான்.

நான் ஏழு முறை.
மணலில் பிரேக் பிடிக்காதே என்பார்கள்,
கை கேட்க வேண்டுமே.
நெய்வேலிக் காட்டாமணக்குப் புதருக்குள்
வண்டியோடு போய் உட்கார்ந்தபோது
அவன் ஓடிவரவில்லை.
தூரத்தில் நிறுத்தித் திரும்பி
கட்டைவிரலை உயர்த்திக் கேட்டான்.
நானும் உயர்த்தினேன்.
அன்று ராத்திரி அதற்குச் சண்டை போட்டேன்.
மறுநாள் ஓடிவந்தான்.
அதற்கும் போட்டேன்.

உளுந்து பிடுங்கிய வயலில் கிடை போட்டிருந்த கீதாரி
எங்கள் கூடாரத்தை ஒரு சுற்று சுற்றிவந்தார்.
துணியை விரலால் சுண்டிப் பார்த்தார்.
'வீடு இருக்கா உங்களுக்கு?'
இருக்கு, மன்னார்குடியில, சொந்த வீடு, மாடியோட.
'அப்புறம் என்ன' என்றவர்
பதிலுக்கு நிற்காமல் ஆடுகளிடம் போய்விட்டார்.
அதன்பிறகு எல்லாவற்றுக்கும் ஜெயசீலி அதையே சொன்னாள்,
கேஸ் அடுப்பு அணைந்ததற்கு,
சோறு அடிப்பிடித்ததற்கு,
நிஜாமின் ஷூவுக்குள்ளிருந்து
தேள் ஒன்று நிதானமாக இறங்கிப் போனபோது:
அப்புறம் என்ன.

முத்துப்பேட்டைக்கு இந்தப் பக்கம்
சேறு ஜீப்பை அச்சுவரை வாங்கிக்கொண்டது.
டிராக்டர் வர மூன்று மணி நேரம்.
வெள்ளரிப்பிஞ்சு ஒரு கூறு வாங்கி வைத்திருந்தோம்,
உப்பை மறந்திருந்தோம்.
காற்றே உப்பாகத்தான் இருந்தது.
முழங்கால் சேற்றில் நின்றபடி நிஜாம்
போனில் மகளிடம் ஏழாம் வாய்ப்பாடு கேட்டான்.
ஏழெட்டு ஐம்பத்தாறில் அவள் தடுமாற,
பக்கிரி எடுத்துக் கொடுத்தான்.

திரும்பும் வழியில், பாலத்துக்குச் சற்றுக் கீழே,
மணலில் கடைசி இரவு.
வெளியே எஞ்சின்கள் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தன.
'உன் முதுகு ரொம்பச் சின்னதாயிருச்சு' என்றேன்.
'கண்ணாடியில நீயும்தான்' என்றான்.
பகலெல்லாம் வாய்திறக்காமல் வந்துவிட்டு
ராத்திரிக்கு இவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நினைக்கவில்லை.
அவன் பார்த்த மீன்கொத்தியை நான் பார்த்திருக்கவில்லை.
நான் பார்த்த கீரி
அவன் தாண்டிய பிறகு குறுக்கே ஓடியது.
அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கீரி.
கல்யாணமாகி இது முதல் தடவை.

விடிந்ததும் ஆணிகளை எண்ணினான்.
கொண்டுபோனது ஒன்பது, கையில் எட்டு.
அரைமணி நேரம் இருவரும் மணலைத் துழாவினோம்.
முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டுப்பட்டது.
ஆணி தட்டுப்படவில்லை.

வைகாசிக் கடைசியில் மேட்டூரைத் திறந்தார்கள்.
ஆனி பிறந்து ஐந்தாறு நாளில் தண்ணீர் வந்தது.
முதலில் நுரை, சருகு, ஒற்றைச் செருப்பு,
அதற்கு முன்னால் மணலில் ஓடிவரும் பையன்கள்.
மறுநாள் வேலைக்குப் போகிற வழியில்
பாலத்தின் நடுவில் அவன் வேகத்தைக் குறைத்தான்.
நிற்கவில்லை.
இடது கையை நீட்டி
ஆற்றில் ஓர் இடத்தைக் காட்டினான்.
கரைக்குக் கரை ஒரே கலங்கல்,
எந்த இடம் என்று எப்படித் தெரியும் அவனுக்கு.
கட்டைவிரலை உயர்த்தினேன்.
பின்னால் திருத்துறைப்பூண்டி பஸ்
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.