வலப்பக்கம் திரும்பி ஏறுக

கோத்தகிரி ஹெலிகாப்டர் திடலில்
இரண்டு ஒயர்லெஸ் பெட்டிகளையும் என்னையும்
ஒரே மேசையில் வைத்திருந்தார்கள்.
மேசையின் ஒரு காலுக்கு அடியில்
மடித்த தீப்பெட்டி.

பங்குனி வெயில்.
கோடநாட்டுச் சரிவில் மூன்றாம் நாளாகப் புல் எரிகிறது.
தரையில் நிற்கும்வரை
கேப்டன் தேவசகாயத்தின் குரல் கோவைக்கு எட்டாது.
நடுவில் மலை.
டவரிலிருக்கும் செண்பகவல்லி மேடத்தின் குரல்
அவருக்கு எட்டாது. அதே மலை.
மலைமேல் ஆன்டெனா இருப்பது எனக்குத்தான்.
ஆகவே அவர் சொல்வதை நான் அங்கே சொல்ல வேண்டும்,
அங்கே சொல்வதை இவருக்கு.
கூட்டாதே, குறைக்காதே என்றார் ரேஞ்சர் காலையிலேயே,
சமையல்காரியிடம் உப்பைப் பற்றிச் சொல்வதுபோல.

காகிதத்தில் இருந்தது ஒரே வரி:
எழும்பியதும் வலப்பக்கம் திரும்பி
எட்டாயிரம் அடி ஏறி, பின் அழைக்கவும்.

கேப்டன் சொன்னார்:
வலப்பக்கம் காற்று சரிவோடு சரிந்து இறங்குகிறது.
ஆறாயிரம் அடியில், இந்த வெயிலில்
அதில் ஏறச் சொல்வது
இறங்கிவரும் எஸ்கலேட்டரில்
மூட்டையோடு ஏறச் சொல்வது.
இடப்பக்கம் விடுங்கள்.
மேட்டுப்பாளையத்தைப் பார்த்துத் தரை தானாகவே விலகிப்போகும்.
எனக்கு வேண்டிய உயரம் மேலே இல்லை,
கீழே இருக்கிறது.

சொன்னேன்.

மேடம் சொன்னார்:
பள்ளத்தாக்கில் இறங்கினால்
என் திரையில் அவர் இல்லை.
பெங்களூரிலிருந்து அறுபத்தெட்டுப் பேர்
அந்தப் பக்கமாகத்தான் இறங்கி வருகிறார்கள்.
இல்லாத ஒருவரிடமிருந்து
இருக்கிறவர்களை எப்படி விலக்கி வைப்பது?

சொன்னேன்.
இந்தக் கேள்வி மட்டும்
என் வாயில் கொஞ்சம் தங்கிவிட்டுப் போனது.

'அந்த வரியை எழுதினவன்
ஒரு நாளாவது இங்கே வந்து நின்றிருக்கிறானா, கேள்.'
காற்று பலமாக இருக்கிறதாம் மேடம், என்றேன்.

'இத்தனை வருஷம் ஓட்டியும்
ஒரு வரி படிக்கத் தெரியாதாமா அவருக்கு?'
காத்திருக்கச் சொல்கிறார்கள் கேப்டன், என்றேன்.

குறைத்துவிட்டேன்.
உள்ளங்கை வியர்த்தது.
விசிறி சுழன்றுகொண்டே இருந்தது,
எரிபொருள் போய்க்கொண்டிருந்தது,
சரிவில் இன்னொரு மடிப்புப் புல்லும்.

பதினோரு நிமிடம்.

தேயிலை ஓரத்துச் சில்வர் ஓக் மரங்கள்
காலையிலிருந்து
இலைகளின் அடிவெள்ளையைக் காட்டிக்கொண்டிருந்தன.
திடலில் எல்லோருக்கும் தெரிகிற மரங்கள்.
கேப்டன் அளவுமானிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்,
மேடம் திரையை.
மரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின.

இரண்டு மைக்கையும் சேர்த்து அழுத்தினேன்.
இலை வெள்ளை காட்டவில்லை, என்றேன்.

'மீண்டும் சொல்லவும்?' கோவை.
அப்படி ஒரு வாக்கியம் எந்தக் கையேட்டிலும் கிடையாது.
மீண்டும் சொன்னேன்.

கேப்டன் கண்ணாடி வழியே மரங்களைப் பார்த்தார்.
பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தார்.
கதவு திறந்தது.
குறைக்காதே என்ற ரேஞ்சர்
எண்பத்திரண்டு கிலோவாகக் கீழே இறக்கப்பட்டார்.
தொப்பியைப் பிடித்தபடி என் மேசையருகே வந்து நின்றார்.

வலப்பக்கம்தான் திரும்பினார்கள்.
சோலையின் விளிம்பில் ஒரு நொடி
பூமி பிடித்து இழுத்தது.
தீப்பெட்டி வைத்த காலோடு மேசையை அழுத்திப் பிடித்தேன்,
அதனால் ஏதோ ஆகும் என்பதுபோல.
பிறகு ஏறினார்கள்.

எட்டாயிரம் அடியில் மலை தாழ்ந்துவிட்டது.
என் பெட்டியிலேயே இருவரும் கேட்டார்கள்,
நேராகப் பேசிக்கொண்டார்கள்.
'வணக்கம் மேடம், பார்க்கிறீர்களா?'
'பார்க்கிறேன் கேப்டன். நல்லபடியாகப் போய் வாருங்கள்.'
என்ன மரியாதை.

இருவரும் அறிக்கை எழுதினார்கள்.
இரண்டிலும் 'கோத்தகிரி ரிலே' என்றிருந்தது.
என் பெயர் மாதி.

அன்று சாயங்காலம் சாம்பல் படிந்த டிபன் மூடியை
நான் துடைத்துக்கொண்டிருக்கையில்
முதலில் கேப்டன் கூப்பிட்டார்:
அந்தம்மா உண்மையில் என்னதான் சொன்னாங்க?
ஒலி சரியில்லை சார், என்றேன்.

ஏழு மணிக்கு மேடம்.
அதே கேள்வி.