எக்ஸ்ரே தாளில் ஒரு ஹெரால்டு

காகிதப்பட்டறை மஸ்தான் கடைக்கு
வெள்ளி உருக்குகிறவன் வருமுன் போய்விட வேண்டும்.
அவன் வந்தால் கிலோவுக்கு நாற்பது ரூபாய் ஏறிவிடும்.
பழைய எக்ஸ்ரே தாள்கள்.
யாருடையவோ நெஞ்சு, யாருடையவோ முட்டி,
விழுங்கிய நாலணாவோடு ஒரு பிள்ளையின் வயிறு.
பெயர் எழுதிய மூலையை முதலில் கத்தரித்துவிடுவேன்.
ஆஸ்பத்திரி வேலை, அந்த நாணயமாவது வேண்டும்.

பகல் முழுக்க நான் பேசுவது ஒரே பேச்சு.
தமிழில், தெலுங்கில், அரைகுறை வங்காளத்தில்:
மூச்சை இழுங்க. பிடிச்சுக்குங்க. ஆடாதீங்க.
இரவில், தானாகவே ஆடாமல் நிற்பவற்றை வரைகிறேன்.
பழைய கார்கள்.

குண்டூசியைப் பென்சில் கட்டையில் செருகிக்
கறுப்பைச் சுரண்டினால் வெளிச்சம் வரும்.
விலா எலும்புகளின் மேல் மோரிஸ் மைனரின் கிரில்
கோட்டுக்குள் கோடாகப் போய் உட்கார்ந்தபோது
எது ஆள், எது தகரம் என்று
எனக்கே கொஞ்ச நேரம் தெரியவில்லை.

சத்துவாச்சாரியில் எத்திராஜ் வீட்டு ஷெட்டில்
அறுபத்தெட்டாம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
நீலம் என்றார். நான் பார்த்தது தூசி நிறம்.
"ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு,
சாமி இல்லாத கோயில்னு நம்மூரைச் சொல்வாங்க.
நாலாவதா சேத்துக்கோ பியூலா,
இன்ஜின் இல்லாத காரு."
சாமிதான் திரும்பி வந்தாச்சே என்றேன்.
இன்ஜினும் வரும் என்றார். பெங்களூர் போய்ப்
பதினொரு வருஷம் ஆகிறதாம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை முக்காலி போட்டு உட்கார்ந்தேன்.
வெயிலில் கூரைத் தகரம் டப் டப்பென்று விரியும்.
ஹெட்லைட்டுக்கு மேலே புருவம், கொஞ்சம் கோபப் புருவம்.
மூக்கு மொத்தமும் முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்க,
உள்ளே இன்ஜின் இருந்த இடத்தில்
ஒரு பூனையும் மூன்று குட்டிகளும்.
குட்டிகளையும் வரைந்துகொண்டேன்.

இடது மட்கார்டில் உள்ளங்கை அளவு நசுங்கல்.
"அதை மட்டும் விட்டுடு.
பெட்ரோல் பங்குல ஒரு லாரிக்காரன் இடிச்சது."

அவர் போன் பேசப் போனதும்
மோர் கொண்டுவந்த வத்சலா அம்மா
டம்ளரைப் பானெட் மேலேயே வைத்தார்.
"லாரியும் இல்ல, கீரியும் இல்ல.
எழுபத்தொம்பதுல, அவர் பஸ்ல ஆபீஸ் போன ஒரு நாள்,
அவர் ஓட்டறதைப் பாத்துப் பாத்தே கத்துக்கிட்டு
காட்பாடி வரைக்கும் போனேன்.
திரும்பறப்ப, பாலாத்துப் பாலம் முடியற இடத்துல
கைப்பிடிச் சுவர்.
லாரின்னு அவரே சொல்லிக்கிட்டார். நான் இல்லேன்னு சொல்லல.
நாப்பத்தஞ்சு வருஷமா அந்த லாரிக்காரனைத் திட்டறார், பாவம்."
டம்ளர் வைத்த வட்டத்தை முந்தானையால் துடைத்தார்.
"அதை வரைஞ்சிடும்மா."

அன்றிரவு கட்டு முழுவதையும் பிரித்தேன்.
விளக்கில் காட்டிக் காட்டிக் கண் எரிந்தது.
இரண்டு மணி இருக்கும், கிடைத்தது:
எப்போதோ உடைந்து, அசந்தால் தெரியாதபடி
கொஞ்சம் வளைந்து கூடிய ஒரு காறை எலும்பு.
ஒட்டிய இடத்தில் மேகம் மாதிரி ஒரு தடிப்பு.
தாளைப் படுக்கையாகத் திருப்பினால்
சரியாக இடது மட்கார்டு வருகிற இடம்.
சுற்றிலும் கார் முழுக்கச் சுரண்டினேன்.
அந்த இடத்தில் மட்டும்
ஊசியை வைக்கவில்லை.

அவர்கள் வீட்டு மேற்கு ஜன்னலில்
நாலு மணி வெயிலில் ஒட்டிப் பார்த்தோம்.
"புது வண்டி மாதிரியே இருக்கு பாரு," என்றார் எத்திராஜ்,
"நான் சொன்னபடி, நசுங்கலே இல்ல."
வத்சலா அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.
கிட்டே வந்தார்.
எலும்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
காபிக்குச் சர்க்கரை எத்தனை என்று கேட்டார்.

"எல்லாம் சரி," அவர் விடுவதாக இல்லை,
"முன் சக்கரத்துக்கு நட்டு நாலு. நீ மூணு போட்டிருக்கே."
எண்ணினேன். மூன்றுதான்.
பையிலிருந்து ஊசியை எடுத்தேன்.
தாள் நழுவாமல் அவர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள,
ஆடாதீங்க என்றேன், பழக்கத்தில்.
மனுஷன் மூச்சையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.